பிள்ளைக்கும் ஒருக்கால் சொல்லுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

டிப்பர் மோதி இறந்துபோன ஒரு இளம் குடும்பஸ்தரின் இறுதிக் கிரியைப் படத்தை அண்மையில் உங்கள் பத்திரிகையில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். ஐந்து வயது மதிக்கக்கூடிய ஒரு பெடியன் தோளில் கொள்ளிக்குடத்தோடு நிற்கிறான், வேட்டி இடுப்பில் நிற்காததால் பின்னால் ஒரு பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பிள்ளையின் முகம் வடிவாகத் தெரிகிறது. அவன் அழவில்லை. சுற்றி நிற்கிற எல்லாரும் அழ, அவன் படம் எடுக்கிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். உங்களை மட்டும் குறை சொல்ல வரவில்லை, அதே படம் முகப்புத்தகத்தில் எத்தனை பேரின் பக்கத்தில் ஓடியது என்று பார்த்தேன், கீழே அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும் வரிசையாக. ஆனால் பத்திரிகையை ஆக்கள் வெட்டி எடுத்து வைப்பார்கள். அந்தப் பிள்ளை அதைப் பத்து வயதிலும் பார்க்கும், பதினைந்து வயதிலும் பார்க்கும். இனிமேல் இப்படிப் படம் வந்தால் பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் போடாமலே விடுங்கள். செய்திக்கு அது தேவையில்லை.

இது ஒரு விஷயம். அந்தப் படத்தைப் பார்த்ததில் இருந்து என் மண்டைக்குள் சுற்றுகிற கேள்வி வேறு. அந்தக் குடத்தைத் தோளில் வைக்க முதல், யாராவது அவனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "தம்பி, அப்பா செத்துப்போனார், இப்ப நாங்கள் இப்பிடிச் செய்யப்போறம், இதுக்காகத்தான் செய்யிறம்" என்று சொன்னார்களா? சொல்லியிருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் செத்தவீடுகளில் பிள்ளைகள் எல்லா இடத்திலும் இருப்பார்கள். பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை வேண்டும், கொள்ளி வைக்க மகன் வேண்டும், கனடாவில் இருந்து லைவ் பார்க்கிற பெரியப்பாவுக்குக் காட்டவும் பிள்ளை வேண்டும். பிள்ளையோடு கதைக்க மட்டும் ஒருவரும் இல்லை.

நான் வன்னியில், தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். (எங்கள் கொடுப்பனவைப் பற்றி வேறு கடிதம் எழுதுவேன், அதற்கு முழுப்பக்கம் ஒதுக்கி வையுங்கள்.) மூன்று வயதில் இருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகள். இந்தப் பக்கத்தில் ஒரு வகுப்பை எடுத்தால் அதில் சாவு தொட்டுப்போன வீட்டுப் பிள்ளை ஒன்றாவது இருக்கும். வீதி விபத்து, காய்ச்சல், புற்றுநோய், பாம்புக்கடி, கட்டு இல்லாத கிணறு, கடலுக்குப் போய்த் திரும்பாதவர், பிறகு கடன் கட்டச் சொல்லி ஆக்கள் வாசலில் வந்து நின்ற வீட்டில் நடந்த, ஊர் முழுக்க மெல்லிய குரலில் கதைக்கிற சாவு. அந்தப் பிள்ளைகளை அடுத்த கிழமையோ அதற்கடுத்த கிழமையோ திரும்பக் கொண்டுவந்து விடும்போது அம்மம்மா என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "டீச்சர், பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது, நீங்களும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்பார். பிள்ளை அவருடைய சீலைத் தலைப்பைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கும்.

பிள்ளைக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் "அப்பா வெளிநாட்டுக்குப் போயிட்டார்" என்பதுதான். மற்ற இடங்களில் இது எப்படியோ, வன்னியில் இதைப் போலக் கெடுதியான பொய் இல்லை. ஏனென்றால் இங்கே பக்கத்து வீட்டு அப்பா உண்மையாகவே கட்டாரில் இருக்கிறார். அவர் ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப்பில் வருவார், மகளிடம் சாப்பிட்டியா என்று கேட்பார், இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் பெட்டி நிறையச் சொக்லேட்டோடு வந்து இறங்குவார். ஒரு பெண்பிள்ளை எங்களிடம் வந்தாள், நாலு வயது. தகப்பன் இல்லை, அவளுக்குச் சொல்லப்பட்டது வெளிநாடு. அவள் விளையாட்டு நேரத்தில் ஒரு மரத்துண்டை முகத்துக்கு நேரே பிடித்து, "அப்பா, தெரியுதா, இருட்டா இருக்கு, லைட்டைப் போடுங்கோ" என்று கதைப்பாள். பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், எங்கட அப்பாட்ட போன் இல்லையோ? மதுவின்ர அப்பாட்ட இருக்கே" என்று கேட்டாள். (மது என்பது நான் வைத்த பெயர்.) பாருங்கள், தகப்பன் செத்ததை மறைக்கப் போய், தகப்பனுக்குத் தன்மேல் பட்சமில்லை என்று அந்தப் பிள்ளையை நினைக்கவைத்திருக்கிறோம். செத்துப்போன தகப்பனை ஒரு பிள்ளை நினைத்து அழலாம். எடுக்க மனமில்லாத தகப்பனை என்ன செய்வது?

"அப்பா நித்திரை" என்று சொன்ன வீடுகளில் பிள்ளை இரவில் கண்ணை மூடப் பயப்படும், தாய் அசந்து படுத்தால் இமையை விரலால் திறந்து பார்க்கும். "நல்ல ஆக்களைக் கடவுள் கெதியாக் கூப்பிட்டிடுவார்" என்று சொன்ன வீட்டுப் பிள்ளை நல்லபிள்ளையாக இருக்க விரும்புமா? நட்சத்திரமாகிவிட்டார் என்கிற கதை நாடகங்களில் இருந்து வந்தது, அதை விடுவோம்.

நான் சமயத்துக்கு எதிரானவள் இல்லை. சிவபதம் அடைந்தார் என்பதையோ பரலோகம் போனார் என்பதையோ எங்கள் நம்பிக்கையாகப் பிள்ளைக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அது இரண்டாவதாக வரவேணும். முதலில் உடம்புக்கு என்ன நடந்தது என்று சொல்லவேணும், அதற்கு மேலேதான் நம்பிக்கை நிற்கும்.

சின்னப் பிள்ளைக்குச் சாவு விளங்காது என்பது அரைவாசி உண்மை. மரியா நாகி என்ற ஹங்கேரிப் பெண்மணி மூன்று வயதில் இருந்து பத்து வயது வரையான பிள்ளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு 1948இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சாவைப் பயணம் போவது போல, நித்திரை கொள்வது போலத்தான் நினைக்கிறார்கள் என்று அவர் கண்டார். அதாவது பிள்ளை தானாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது, நாங்கள் போய் "பயணம்", "நித்திரை" என்று அதையே உறுதிப்படுத்திவிட்டு வருகிறோம். பிள்ளைக்கு மெல்ல மெல்ல விளங்கவேண்டியது, செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பது, அவருடைய உடம்பில் ஒன்றும் வேலை செய்யாது என்பது, சாவுக்கு ஒரு காரணம் உண்டு என்பது, உயிருள்ள எல்லாவற்றுக்கும் அது வரும் என்பது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்தில் இருந்து ஏழு வயதுக்குள் இவை பிடிபடத் தொடங்கிவிடும், சாவைக் கிட்டத்தில் பார்த்த பிள்ளைகளுக்கு இன்னும் முந்தியும் பிடிபடும். அதுவும் எங்கள் பிள்ளைகள், செத்த ஆட்டுக்குட்டியையும் தேரையையும் பார்த்து வளர்கிறவர்கள்.

இதில் பெரியவர்கள் தவறவிடுவது அந்த உடம்பு விஷயத்தைத்தான். பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்விகளைச் சொல்கிறேன். "மண்ணுக்குள்ள அம்மாவுக்கு மூச்சு முட்டாதோ?" "மழை பெய்தா அப்பப்பா நனைவாரெல்லோ?" "நெருப்பு வைச்சா சுடாதோ?" கடைசிக் கேள்வியை நினைத்துப் பாருங்கள். கொள்ளி வைத்த பிள்ளையின் மனதில் அது இருந்தால், தான் தகப்பனைச் சுட்டுவிட்டேன் என்று அந்தப் பிள்ளை எத்தனை நாள் படுத்திருக்கும்? அதனால் சுடலைக்குப் போக முதலே சொல்லவேணும். "அப்பா செத்துப்போனார். அவற்ற உடம்பு இனி வேலை செய்யாது. மூச்சு விடமாட்டார், பசிக்காது, குளிராது, நோகாது. நெருப்பு வைச்சாலும் அவருக்குத் தெரியாது. இனி வரமாட்டார். எங்களுக்கு எல்லாருக்கும் சரியான கவலை." இவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, பிள்ளை கேட்டால் மட்டும் சொன்னால் போதும். ஒருக்கால் சொன்னால் முடிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். பின்னேரம் திரும்பக் கேட்கும், "அப்பா நாளைக்கு வருவாரோ" என்று. திரும்ப அதே பதிலை அதே சொற்களில் சொல்லவேணும், எரிந்து விழாமல். அம்மம்மா ஒன்று, மாமா இன்னொன்று, டீச்சர் வேறொன்று சொன்னால் பிள்ளை குழம்பிப்போகும்.

சொல்லுகிற ஆள் அழுதால் என்ன செய்வது என்று தாய்மார் கேட்பார்கள். அழுங்கள். "எனக்கும் கவலை, அதாலதான் அழுகிறன், உன்னில கோபம் இல்லை" என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி ஜாதகம். இதை எழுதினால் எனக்கு ஏச்சு விழும், பரவாயில்லை. ஐந்து வயதுப் பிள்ளை இயல்பாகவே உலகத்தில் நடப்பதெல்லாம் தன்னால்தான் என்று நினைக்கும். அப்பாவோடு கோபித்துக்கொண்டு "நீங்கள் வேண்டாம் போங்கோ" என்று முதல் நாள் சொல்லியிருக்கும், அடுத்த நாள் அப்பா இல்லை. தான் சொன்னதால்தான் போய்விட்டார் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடும், ஆனால் ஒருவருக்கும் சொல்லாது. இந்த நிலைமையில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கத்தக்கதாக, கதிரையில் இருந்து வெற்றிலை போட்டபடி ஒரு பெரியம்மா, "இவன்ர சாதகம் அப்பவே சாத்திரி சொன்னவர், தகப்பனுக்குக் கூடாதெண்டு" என்கிறார். "பிறக்கேக்கையே தாயைத் திண்டிட்டாள்" என்று ஒரு பெண்பிள்ளையைப் பற்றி அவளை வைத்துக்கொண்டே சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றது. திண்டது என்றால் வாயால் திண்டது என்றுதானே நாலு வயதுக்கு விளங்கும். செத்தவீட்டுக்கு வருகிற பெரியவர்கள் வேறு ஒரு உதவியும் செய்யவேண்டாம், இந்தக் கதையை மட்டும் படலைக்கு வெளியில் விட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்காரர் பிள்ளைக்கு வாயைத் திறந்து சொல்லுங்கள்: "நீ சொன்னதாலயோ, நினைச்சதாலயோ, குழப்படி செய்ததாலயோ அப்பா சாகேல்லை. லொறி அடிச்சதாலதான் செத்தவர்." பிள்ளை கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவர்களின் வீட்டில் இது இன்னும் சிக்கல். ஊர் முழுக்கத் தெரிந்ததைப் பிள்ளைக்கு மட்டும் "நெஞ்சுவலி" என்று சொல்லி வைப்பார்கள், பிறகு பள்ளிக்கூட வளவில் இன்னொரு பெடியன் பட்டென்று சொல்லுவான். எப்படி நடந்தது என்ற விபரம் பிள்ளைக்கு வேண்டியதில்லை. "அப்பாவின்ர மனசுக்குக் கடும் வருத்தம் வந்தது, அந்த வருத்தத்தில தன்ர உயிரைத் தானே போக்கிப்போட்டார், அது உன்னாலயும் இல்லை அம்மாவாலயும் இல்லை" என்ற அளவில் சொல்லலாம். அது எங்கள் வாயால் போகவேணும்.

செத்தவீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதா, அயலில் விடுவதா என்று கேட்பவர்களுக்கு என் எண்ணம், விருப்பமென்றால் கொண்டுபோங்கள், ஆனால் என்ன பார்க்கப்போகிறது என்று முதலே சொல்லிக் கொண்டுபோங்கள். பறை அடிக்கும், சத்தம் நெஞ்சில் இடிக்கும். அம்மா கத்தி அழுவா, மாமி விழுந்து புரளுவா. அப்பா பெட்டிக்குள் கிடப்பார், தொட்டால் குளிரும், மூக்கில் பஞ்சு இருக்கும். உரலில் சுண்ணப்பொடி இடிப்பார்கள், அப்போது திருவாசகத்தில் இருந்து திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். செத்தவர் அப்பப்பா என்றால், நீ மற்றப் பேரப்பிள்ளைகளோடு பந்தம் பிடித்துச் சுற்றி நிற்பாய், அது அப்பப்பாவுக்கு வெளிச்சம் காட்டி அனுப்புகிறது. இப்படிச் சொல்லிக் கொண்டுபோன பிள்ளை பயப்படாமல் நிற்கும், அதற்கு ஒரு வேலையும் இருக்கும். எங்கள் சடங்கில் பிள்ளைக்கு இடம் இருப்பது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இடம் கொடுத்துவிட்டுக் காரணம் சொல்லாமல் விடுகிறோம், அதுதான் குறை. மாட்டேன் என்று பிள்ளை பின்வாங்கினால் விடுங்கள், மாமாவோ சித்தப்பாவோ செய்யட்டும், "நீ செய்யாட்டி அப்பாவின்ர ஆத்மா அலையும்" என்று வெருட்டவேண்டாம். தாயால் அன்றைக்குப் பிள்ளையைப் பார்க்க ஏலாது, அதனால் அழுது விழாத ஒருவர், ஒரு மாமியோ முன்வீட்டு அக்காவோ, அந்த நாள் முழுக்கப் பிள்ளைக்கென்றே இருக்கவேணும். பிள்ளை சாப்பிட்டதா, மூத்திரம் போனதா, வெளியில் போகவேணும் என்கிறதா என்று பார்க்கிற ஆள். கமராக்காரருக்கு இடையில் போய் நிற்கிற ஆளும் அவராகவே இருக்கட்டும்.

பெண்பிள்ளைகளைச் சுடலைக்குக் கொண்டுபோவதில்லை. சரி, அந்த வழக்கத்தைப் பற்றி இங்கே சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று வீட்டில் நின்ற பிள்ளைக்குத் திரும்பி வந்த அண்ணா சொல்லலாமே. சொல்லாவிட்டால் அது தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளும், அது உண்மையை விடப் பயங்கரமாக இருக்கும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் இறந்தோர் நாளான நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள், கல்லறையைத் துப்பரவாக்கிப் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்துவார்கள், பிள்ளை தாத்தாவின் கல்லறையில் ஏறி இருந்து பிஸ்கட் சாப்பிடும். பார்க்க நல்லாயிருக்கும். எங்கள் ஆட்டைத் திவசத்திலும் பிள்ளை ஒரு பூவைப் போட்டு, அப்பாவுக்குப் பிடித்த கறியைத் தன் கையால் படைக்கலாம், ஒரு சாத்திரமும் தடுக்காது.

பிறகு, பிள்ளையின் கவலை எங்கள் கவலை மாதிரி இராது. அது விட்டு விட்டுப் பெய்கிற மழை. ஐந்து நிமிடம் தேம்பி அழும், அடுத்த நிமிடம் ரயர் உருட்டிக்கொண்டு ஓடும். "கல்நெஞ்சுக்காரன், தகப்பன் கிடக்கிறார் இவன் விளையாடுறான்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் செத்தவீட்டு விளையாட்டும் விளையாடும். எங்கள் முன்பள்ளியில் ஒரு பொம்மையைச் சீலைத்துண்டால் சுற்றிக் கிடத்தி, ஒன்று ஐயராகி, ஒன்று தகரத்தில் பறை அடித்து, ஒன்று "என்ர ஐயா" என்று ஒப்பாரி வைத்தது. எனக்கு உதவிக்கு நின்ற இளம்பெண் ஓடிப்போய்ப் பறிக்கப் பார்த்தாள், அபசகுனமாம். நான் விடச் சொன்னேன். விளையாடி முடிய அந்தப் பொம்மையைத் தாய் இல்லாத பெடியன்தான் மண்ணில் இருந்து எடுத்துத் தட்டி வைத்தான். பெரியவர்கள் கதைத்து ஆறுகிறதை அதுகள் விளையாடி ஆறுகிறதுகள்.

பாயில் மூத்திரம் போகத் தொடங்கும், விரல் சூப்பும், வயிற்றுக்குத்து என்று சொல்லும், தாய் கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் போகும். அடித்துத் திருத்துகிற காரியம் இல்லை இது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குப் படுக்கை, கெதியாகத் திரும்ப முன்பள்ளி, அதே ஆக்கள், அதே வீடு. அதே வீடு என்பதை அழுத்தித்தான் எழுதுகிறேன். தகப்பன் செத்துத் தாய் தனித்துப்போனால், "படிப்புக்கு நல்லது" என்று பிள்ளையை யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டுக்கோ ஒரு இல்லத்துக்கோ அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. கஷ்டம் விளங்குகிறது. ஆனால் பிள்ளைக்கு முதலில் அப்பா போனார், அடுத்த மாதம் அம்மாவும் வீடும் நாயும் சிநேகிதரும் போனார்கள். அனுப்பித்தான் ஆகவேணும் என்றால் ஒரு வருடமாவது பொறுக்க ஏலாதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் பொஸ்ரன் பக்கம் வில்லியம் வோர்டன் என்பவரும் கூட இருந்தவர்களும் தாயையோ தகப்பனையோ இழந்த 70 குடும்பங்களில் 125 பிள்ளைகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகளை விட மூத்த, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அதில் இரண்டு விஷயம் எங்களுக்கும் பொருந்தும். மிஞ்சியிருக்கிற தாய் அல்லது தகப்பன் எந்த நிலையில் இருக்கிறார் என்பதுதான் பிள்ளையின் நிலையைப் பெரிதும் தீர்மானித்தது. மற்றது, சில பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் தெரியாத கஷ்டம் இரண்டாம் வருடத்தில் வெளியில் வந்தது. எங்கள் வழக்கத்தைப் பாருங்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டு வரைக்கும் அடுப்பு மூட்ட விடாமல் அயலட்டம் சாப்பாடு கொண்டுவரும், 31ஆம் நாள் அந்தியேட்டிக்குப் பந்தல் போட்டு ஊரே வரும், கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள், 32ஆம் நாள் தொடக்கம் அந்தப் பொம்பிளை தனிய. பொட்டில்லாமல், நல்ல காரியத்துக்கு அழைப்பில்லாமல், மரணச் சான்றிதழுக்கும் கிராம சேவையாளரின் கடிதத்துக்கும் அலைந்து, லீசிங் கட்டி. பிள்ளைக்கு உதவி செய்யவேணும் என்று நினைக்கிற அண்ணன் தம்பிமார் விளையாட்டுச் சாமானோடு வருகிறதை விட, அவள் பிரதேச செயலகத்துக்குப் போகிற நாளில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனால் பிள்ளைக்கே பெரிய உதவி.

இதையெல்லாம் கதைத்தால் இளம் தாய்மார் என்னிடம் சொல்லுகிற ஒரு பதில் உண்டு. "எங்களுக்கு ஆர் சொன்னது டீச்சர்? நாங்கள் வளரேல்லையோ?" இப்போது என்னிடம் பிள்ளை கொண்டுவந்து விடுகிறவர்கள் 2009இல், கடைசிச் சண்டை நடந்தபோது, பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் சாவைத் தாண்டித்தான் நடந்து வந்தார்கள். தாயைப் பங்கருக்குப் பக்கத்திலேயே மண்ணால் மூடிவிட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். பறை இல்லை, எட்டு இல்லை, அந்தியேட்டி இல்லை, பிறகு செட்டிகுளம் முகாமில் கூடாரம். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியைப் பற்றி எழுதிய ஆய்வில், இந்த அழிவு தனி ஆளின் மனதோடு நிற்கவில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து உடைத்தது என்று காட்டியிருந்தார். அழ நேரம் கிடைக்காத பிள்ளை தாயாகி, இப்போது தன் பிள்ளை அழுதால் "அழாதை, அழாதை" என்று வாயைப் பொத்துகிறாள். அவளில் எனக்குக் கோபம் வருவதில்லை. வளர்ந்தீர்கள்தான், ஆனால் இன்றைக்கும் வெடிச்சத்தம் கேட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் திருப்பிக் கேட்பேன். மே 12 தொடக்கம் 18 வரை, அங்கே செத்தவர்களை நினைத்துச் சந்திகளில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கும்போது பிள்ளைகளும் சிரட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். ஏன் உப்புக்கஞ்சி குடிக்கிறோம் என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகள் வேறு. அங்கே சுவரில் இருக்கிற படத்துக்கு மாலை இல்லை, முன்னால் விளக்கு இல்லை, பிள்ளைகள் இதைக் கவனிப்பார்கள். "அம்மப்பாவின்ர படத்துக்கு மாலை இருக்கு, மாமாவின்ர படத்துக்கு ஏன் இல்லை?" கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் அம்மம்மாவின் மடியில் இருந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு மாமா செத்துப்போனார் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, வந்துவிடுவார் என்று சத்தியம் பண்ணவும் ஏலாது. "மாமாவைக் கொண்டுபோனவங்கள், எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது, அம்மம்மா கேட்டுக்கொண்டு இருக்கிறா" என்பதுதான் உண்மை. தெரியாது என்ற பதிலைப் பிள்ளை தாங்கும். ஆளுக்கொரு கதை சொல்வதைத்தான் தாங்காது.

உதவி கேட்கவேண்டிய கட்டங்களும் உண்டு. கிழமைக்கணக்கில் சாப்பாடு இறங்காமல் இருந்தால், கதைப்பதை நிறுத்திவிட்டால், மாதங்கள் போயும் விளையாட்டில் சேராவிட்டால் காத்திருக்கவேண்டாம். "நானும் அப்பாட்ட போகப்போறன்" என்று நாலு வயது சொன்னால் அநேகமாக அது தேடுகிற ஏக்கம்தான், ஏசாமல் பக்கத்தில் இருந்து என்னவென்று கேளுங்கள். பத்து வயதும் அதற்கு மேலும் சொன்னால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள், மாவட்ட ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது, வீட்டுக்கு வருகிற குடும்பநல மருத்துவிச்சியிடம் சொன்னாலும் வழி காட்டுவார். தொலைபேசியில் 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1929 சிறுவர் உதவி இலக்கம். அங்கே போனால் "விசர்" என்று பெயர் வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு, காய்ச்சலுக்குப் போகிற அதே வாசலால்தான் போகவேணும் என்று சொல்லி வைக்கிறேன்.

கடைசியாகக் கல்வி வலயத்துக்கு ஒரு வேண்டுகோள், உங்கள் பத்திரிகையை அங்கே காலையில் விரித்து வாசிப்பார்கள் என்று தெரியும். பிள்ளை என்னிடம் இருந்து தரம் ஒன்றுக்குப் போகும்போது ஊசி போட்ட விபரம் போகிறது, பிறப்புச் சான்றிதழ் போகிறது. போன வருடம் இந்தப் பிள்ளையின் தாய் இறந்தவர், பிள்ளைக்கு அது சொல்லப்பட்டிருக்கிறது என்ற ஒரு வரி போவதில்லை. புது ஆசிரியர் முதல் கிழமையே "அம்மாவைப் படம் கீறுங்கோ" என்பார், அவரில் பிழை இல்லை, அவருக்குத் தெரியாது. வீட்டாரின் சம்மதத்தோடு அந்த வரியை எழுத ஒரு இடம் போட்டுத் தாருங்கள். புதுத் தவணை தொடங்க முதல் செய்யக்கூடிய வேலைதான், ஒரு போட்டோக்கொப்பிக் காசு.

கடிதம் நீண்டுவிட்டது ஐயா. இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், அந்த ஜாதகப் பகுதியை மட்டும் வெட்டிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
விசுவமடு.